அன்ட்யூ என்றால் எவ்வளவு

ஹாமர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரி, நார்வே
22 பிப்ரவரி 1966

நம்ம ஐவிக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு வக்கீலுக்கு முன்னால், தெரியாத வார்த்தை ஒன்றுக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டேன். ஒரு தடவை ஆட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த ஆள் அதைச் சொன்னபோதெல்லாம் ஆட்டினேன். கடைசியில் "அதானே!" என்று வேறு சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் இங்கெர் என்னை ஒரு பேராசிரியரைப் பார்ப்பது போல் பார்த்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான்.

வார்த்தை இதுதான்: அன்ட்யூ. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், சிரிக்காதே. நம்ம ஹெஸ்ஸில் ரோட்டில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மீன் ஏலத்திலும் கேட்டதில்லை, சாராயக் கடையிலும் கேட்டதில்லை. திட்டாக இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது.

வக்கீல் பேர் பெல்லிங். கம்பெனி அனுப்பிய ஆள். திராட்சை வாங்கி வந்தார், பாதியை அவரே தின்றார். மூழ்கிப்போன 'லேடி எஸ்தர்' மீன்பிடிக் கப்பலில் போனவர்களில் மிச்சம் சமையல்காரன் நான் ஒருவன்தான் என்பதால், என் வாக்குமூலம்தான் விசாரணைக்கு முக்கியமாம். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அவரே எழுதி டைப் அடித்துக் கொண்டு வந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டால் போதும். அதில் 'தேடுவதில் அன்ட்யூ தாமதம் இல்லை' என்று ஒரு வரி. 'மாலுமிகளுக்கு அன்ட்யூ ஆபத்து எதுவும் விளைவிக்கப்படவில்லை' என்று இன்னொன்று. வேறு ஒரு வரியும் இருந்தது, ஞாபகம் இல்லை.

விரல் எல்லாம் மடங்கவில்லை, அப்புறம் போடுகிறேன் என்று தள்ளிப்போட்டேன். நீ யாரிடமாவது கேட்டு அர்த்தம் எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே, மானம் போகும்.

என் கால் விரல்களைப் பற்றிக் கேட்டாயானால், அவை எனக்கு முன்னால் கிளம்பிவிட்டன. இடது பக்கம் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது, தனியாகச் சலித்துப்போய். இனி செருப்புக் கடையில் பாதி விலைதான் கேட்கப்போகிறேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. அது பனியால் இல்லை, உன் புருஷனால். தூங்கினால் செத்துவிடுவேன் என்று மிதவையில் ரெஜ் என்னை அறைந்துகொண்டே இருந்தான். மறுநாளும் அறைந்தான். அவன் கை உனக்குத் தெரியுமே.

மற்றதெல்லாம் நேரில்.

உன் அண்ணன்
வில்ஃப்


ஹல், இங்கிலாந்து
3 மார்ச் 1966

வில்ஃப்,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன், ரெஜ் எப்படிப் போனார் என்று அதில் எங்கேயாவது இருக்கும் என்று. உன் கால்விரல் இருக்கிறது, திராட்சை இருக்கிறது, அது இல்லை.

அந்த வார்த்தை எனக்கு உனக்கு முன்னாலேயே தெரியும். கம்பெனியிலிருந்து எனக்கு வந்த அனுதாபக் கடிதத்தில் அது இருக்கிறது. நல்ல தடித்த தாள், மேலே கப்பல் படம். 'தங்கள் கணவர் அன்ட்யூ வேதனை ஏதுமின்றி மறைந்தார் என்பது தங்களுக்கு ஆறுதலளிக்கும்.' ஆறுதல் இருக்கட்டும், முதலில் புரிய வேண்டுமே என்று மாலுமிகள் மிஷனுக்குப் போய் அங்கே இருக்கும் பாதிரியாரிடம் கேட்டேன். அளவுக்கு மேல், நியாயத்துக்கு மேல், தேவைக்கு மேல் என்று அர்த்தமாம்.

"அப்போ ஃபாதர், அளவான வேதனைன்னு ஒண்ணு இருக்கா? என் புருஷன் அதைப் பட்டாரா?" என்று கேட்டேன்.

"மிஸஸ் டல்லி, அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

"நான் பிரிக்கலை. அவங்கதான் பிரிச்சு எழுதியிருக்காங்க" என்றேன். டீ கொண்டுவரச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

கொல்லையில் வலை பின்னிக்கொண்டே அந்த வார்த்தையை வைத்து வாக்கியம் கட்டிப் பார்த்தேன். வாயில் பழகினால் கோபம் குறையுமோ என்று. 'மிஸஸ் கார்விலுக்கு அன்ட்யூ வாய்.' 'ரொட்டிக் கடையில் அன்ட்யூ விலை.' 'ஐவி டல்லியின் படுக்கையில் அன்ட்யூ இடம்.' அதோடு நிறுத்திவிட்டேன்.

ரெஜ் எப்படிச் செத்தார்? நேரில் என்கிறாய். நீ எப்போது வருவாய் என்று டாக்டருக்கே தெரியவில்லை. எழுது. வேடிக்கை எல்லாம் வேண்டாம்.

ஐவி


ஹாமர்ஃபெஸ்ட்
11 மார்ச் 1966

நம்ம ஐவிக்கு,

அர்த்தம் சொன்னதற்கு நன்றி. இப்போது நான் இந்த வார்டிலேயே படித்தவன். காலையில் இருந்து வைத்து வாங்குகிறேன்: இங்கெர் ஊசி போடும்போது அன்ட்யூ சந்தோஷம் காட்டுகிறாள். இந்த ஊர்க்காரர்கள் மீனை அன்ட்யூ நேரம் வேகவைக்கிறார்கள், கப்பலில் நான் இப்படி வைத்திருந்தால் என்னையும் சேர்த்துக் கடலில் போட்டிருப்பார்கள். பழுப்பாக ஒரு ஆட்டுப் பாலாடைக்கட்டி தருகிறார்கள், அதைப் பற்றிச் சொல்ல அந்த வார்த்தையும் பத்தாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழட்டு சீல் வேட்டைக்காரர். அவருக்கு இங்கிலீஷில் தெரிந்தது கெட்ட வார்த்தைகள் மட்டும். இதையும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சாப்பாட்டுத் தட்டு வந்ததும் "அன்ட்யூ!" என்று கத்துகிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

ரெஜ்ஜைப் பற்றிக் கேட்டாய். சரி, எழுதுகிறேன். கறுப்புப் பனி இறங்கியது உனக்குத் தெரியும். கோடரி, சுத்தி, என் ரொட்டிக் கட்டை, கையில் கிடைத்ததை வைத்து எல்லோரும் கயிற்றிலும் கம்பத்திலும் பனிக்கட்டியை உடைத்தோம். உடைக்க உடைக்க ஏறியது. பனிக்கட்டிப் பாரத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. உதவி கூப்பிட யாருக்கும் நேரம் இல்லை. மிதவையில் ஏறியது ரெஜ்ஜும் நானும்தான். அவன் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டான். தூங்குகிற மாதிரிதான் போனான். வலி ஒன்றும் இல்லை. பெல்லிங் காகிதத்தில் இருக்கிற மூன்றாவது வரியும் அதுதான். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

கை இப்போது பேனா பிடிக்கிறது. மாதக் கடைசியில் நம் தூதரகத்து அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் வந்து சேருகிறேன். நீயும் மனதைத் தேற்றிக்கொள். சாப்பிடு. நீ சாப்பிடவில்லை என்று மிஸஸ் கார்வில் எனக்கு எழுதியிருக்கிறாள். அன்ட்யூ வாய்தான் அவளுக்கு.

வில்ஃப்


ஹல்
18 மார்ச் 1966

வில்ஃப்,

நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் உன்னைச் சமையலுக்குப் போட்டார்கள், கேப்டன் ஆக்கவில்லை.

முதல் கடிதத்தில் மறுநாளும் ரெஜ் உன்னை அறைந்தார் என்று எழுதினாய். இந்தக் கடிதத்தில் ஒரு மணி நேரத்தில் செத்தார் என்கிறாய். செத்தவர் கையா உன் பல்லை ஆட்டியது? நான் பள்ளிக்கூடத்தை விட்டு வலைக் கூடத்துக்குப் போனபோது எனக்குப் பதிமூன்று வயது. ஆனாலும் இவ்வளவு கணக்கு வரும்.

நீ எதற்கு மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மறைத்ததைச் சொல்கிறேன், அதற்கப்புறமாவது வாயைத் திற.

அன்று காலை ரேடியோவில் கப்பல் அலைவரிசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரைச்சல் இல்லாமல் தெளிவாக இருந்தது. கப்பலில் ரேடியோ அவர் பொறுப்புதானே, ரெஜ் குரல் கேட்டது. "லேடி எஸ்தர், வடமுனைத் திட்டுல இருக்கோம், மீனே இல்லை, கையளவுதான் வருது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் இல்லை என்று அவர் புலம்பினால் வலை கிழியக் கிழிய விழுகிறது என்று நம்ம தெருவில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். இருக்கிற இடத்தைச் சொன்னால் மற்றக் கப்பல் எல்லாம் வந்து மொய்க்கும். உண்மையான இடத்தைச் சொல்லும் கேப்டன் அடுத்த பயணத்துக்கு வேலையில் இருக்க மாட்டான். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். கரடித் தீவுப் பக்கம், அந்தத் திட்டிலிருந்து ஒரு பகல் தூரம். வாசல் கதவைத் திறக்கும்போது காதில் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்லவே கூடாது, அதற்கு முன்னால் சொன்னதும் இல்லை.

அடுத்த நாள் காலை குரல் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. வலை ஊசியைப் போட்டுவிட்டு, ஏப்ரனோடு கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே கப்பல்களைக் கவனிக்கும் மிஸ்டர் ப்ரூக்கிடம் சொன்னேன்.

"அவங்க வடமுனையில இல்லைங்க. கரடித் தீவுல இருக்காங்க. அங்க தேடச் சொல்லுங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் புருஷன் சொன்னார்."

"ரேடியோவுல சொன்னதும் உங்க புருஷன்தானே மிஸஸ் டல்லி? எதை நம்பறது நான்?" சிரித்துக்கொண்டே கேட்டார். "பேசாத கப்பல் எல்லாம் முங்கின கப்பல் இல்லை. அன்ட்யூ பதற்றம் வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

போனேன். அதுதான் நான் மறைத்தது. வீட்டுக்குப் போ என்றார்கள், போய்விட்டேன். மேஜையைக் கவிழ்த்திருக்க வேண்டும். அங்கேயே படுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. உன்னை மாதிரித்தான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது சொல். நான் ஆபீசுக்குப் போன நேரத்தில் ரெஜ் உயிரோடு இருந்தாரா?

ஐவி


ஹாமர்ஃபெஸ்ட்
27 மார்ச் 1966

ஐவி,

இருந்தான்.

உன் கடிதம் வந்த அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். இங்கெர் வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கிழவர் தட்டைப் பார்த்து "அன்ட்யூ" என்றபோது நான் சிரிக்கவில்லை என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

நான் ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். நீ ஆபீசுக்குப் போகவில்லை என்று நினைத்தேன். அதனால்தான்.

மிதவையில் முதல் ராத்திரி முழுக்க ரெஜ் தெம்பாக இருந்தான். என்னைத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். என் கால் வெளியே தண்ணீரில் தொங்கிவிட்டது, அதை உள்ளே இழுத்து அவன் வயிற்றோடு வைத்துக்கொண்டான். விடிந்ததும் கேட்டான்.

"வில்ஃப், எங்கடா தேடுவாங்க நம்மள?"

"நாம இருக்கிற இடத்துல."

"நாம எங்க இருக்கோம்னு நேத்துக் காலையில நான் சொன்னேன்?"

 அவன் சிரித்தான். நல்ல சத்தமாகத்தான் சிரித்தான், ஐவி. "இருபது வருஷமா இதே பொய்யைச் சொல்றேன். இப்பத்தான் மொத தடவையா நம்பப் போறாங்க" என்றான். கேப்டன் ஓல்ட்ராய்ட்தான் அப்படிச் சொல்லச் சொன்னார், ஆனால் சொன்ன குரல் இவனுடையது. அது அவனை அரித்தது. கப்பலோடு போனவர்களைப் பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான், கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பான்.

அப்புறம் திடீரென்று முகம் தெளிந்தது. "ஐவிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான். "கரடித் தீவுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா. நம்ம குரல் வரலேன்னா அவ சும்மா இருக்க மாட்டா. ஏப்ரனோட ஓடுவா பாரு. அந்த ப்ரூக்கைக் கழுத்தைப் பிடிச்சுச் சொல்ல வைப்பா." அதிலிருந்து அவன் காத்திருந்தான். அன்றும் மறுநாளும் முழுக்கக் காத்திருந்தான். அலை எழும்போதெல்லாம் தெற்கே பார்ப்பான். "இப்பக் கிளம்பியிருப்பாங்க" என்பான். நான் கண் மூடினால் அறைவான். "தூங்காதடா, வர்றப்போ நீ செத்துக் கிடந்தா எனக்கு அசிங்கம்" என்பான்.

யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் வரும்போது அவன் கை என் கன்னத்தின் மேலேயே நின்றுவிட்டது. அன்று மதியம்தான் சீல் வேட்டைக் கப்பல் ஒன்று வழிதவறி எங்கள் மேல் வந்தது. தேடி வரவில்லை. வழிதவறி வந்தது.

தூங்குகிற மாதிரி இல்லை, ஐவி. நான் எழுதியது பொய். கடைசி ராத்திரி அவனுக்கு நாக்கு தடித்துவிட்டது. உன் பேரை மட்டும் சொல்ல வந்தது. அதுவும் சரியாக வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ அவன் சொன்னதை மறந்துவிட்டாய், அல்லது இடத்தைச் சொல்லக் கூடாது என்று வழக்கப்படி வாயை மூடிக்கொண்டாய் என்று. அவன் இரண்டு நாள் உனக்காகக் காத்திருந்தான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் ஒரு மணி நேரம் என்றேன். பெல்லிங்கின் காகிதம் எனக்கு வசதியாக இருந்தது.

நீ போயிருக்கிறாய். ஏப்ரனோடுதான் போயிருக்கிறாய். அவன் உன்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

நேற்று பெல்லிங் மறுபடி வந்தார். கையெழுத்துக்கு முன்னால் சில வரி மாற்ற வேண்டும் என்றேன். நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் ஹார்டேக்கர், ரெஜ் டல்லி ஒரு மணி நேரத்துல இறந்திருந்தா, யார் எங்க தேடினாலும் ஒண்ணுதான். ரெண்டு நாள் உயிரோட இருந்தார்னா, ஏன் தப்பான இடத்துல தேடினாங்கன்னு கேள்வி வரும். அந்த இடத்தைச் சொன்னது யாருன்னு அடுத்த கேள்வி வரும். விசாரணை அறிக்கையில அவர் பேர்தான் அச்சாகும். பதினெட்டுக் குடும்பம் அதைப் படிக்கும். உங்க தங்கச்சி அதே தெருவுல இருக்கணும், இல்லையா?"

மரியாதையாகத்தான் சொன்னார். திராட்சை கொண்டுவரவில்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். நான் நடந்ததைச் சொன்னால் ரெஜ் பேர் கெடும். சொல்லாவிட்டால் நீ ஓடின ஓட்டம் நடக்கவே இல்லை என்றாகிவிடும். நான் வேகவைக்கிறவன், எனக்கு இது பிடிபடவில்லை. ரெஜ் உன் புருஷன். நீ சொல்கிறபடி செய்கிறேன். போடு என்றால் போடுகிறேன். தேதி தள்ளிப்போய்விட்டது, ஏப்ரல் நடுவில்தான் தூதரக அதிகாரி வருகிறார்.

வில்ஃப்


ஹல்
6 ஏப்ரல் 1966

வில்ஃப்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கேட்காதே. அடுப்பு மூட்டவில்லை. மிஸஸ் கார்வில் சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தட்டாமல் போய்விட்டாள். இனி அவள் வாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அவள் புருஷனும் லேடி எஸ்தரில்தான் போனான். அதனால் முதலில் அவளிடம் போய்ச் சொன்னேன். அறிக்கை வந்து படிக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அவள் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னேன்: இடத்தைப் பொய்யாகச் சொன்னது ரெஜ் குரல்தான் என்று.

அடுப்பை அணைத்தாள். அப்புறம் கேட்டாள்: "எங்க வீட்டாளும் மிதவைல இருந்தாரா?"

"இல்ல. அவர் கப்பலோடயே போயிட்டார்னு வில்ஃப் எழுதியிருக்கான்."

"அப்போ உன் வீட்டாள் பொய்யால என் வீட்டாள் சாகல."

"இல்ல."

"உன் வீட்டாள்தான் செத்தாரு."

"ஆமா."

"உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். "எல்லாரும் இப்படிப் பேசிட மாட்டாங்கடி ஐவி" என்றாள். "துப்புறவங்க துப்புவாங்க. தெரிஞ்சுக்கோ."

தெரியும். மீன் ஏலக் கூடத்து வழியாக இனி என்னால் போக முடியாது. நேற்றே ப்ரூக், என் வாயை அடைக்க, ஒரு பெரிய பன்றித் தொடையோடு வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டேன். "இதுல அன்ட்யூ உப்பு இருக்கும், எனக்கு ஆகாது" என்றேன். அதற்கும் சிரிக்கத்தான் செய்தார். அந்த மனுஷனுக்கு வேறு முகம் இல்லை.

இப்போது நான் ஏன் சொல்லு என்கிறேன் என்று கேள். நான் ஆபீசுக்குப் போன மறுநாள் தேடுதல் நடந்தபோது ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். லேடி எஸ்தரைப் பார்த்தீர்களா என்று ஒவ்வொரு கப்பலாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வடமுனையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட நாலு கப்பல் பதில் சொன்னது. "இங்க காணோம்." "இங்கயும் காணோம்." நான் அதைக் கேட்டு, வடமுனையில் அவ்வளவு பேர் தேடுகிறார்களே என்று நினைத்தேன். அதில் ஒரு கப்பல் போன வாரம் ஊர் வந்தது. அதன் துணைக் கேப்டனை மார்க்கெட்டில் பிடித்துக் கேட்டேன். எங்கேய்யா இருந்தீங்க அன்னைக்கு? தலையைக் குனிந்துகொண்டான். கரடித் தீவு. நாலு கப்பலுமே கரடித் தீவு, வில்ஃப். உங்களுக்குப் பக்கத்தில். 'இங்கே' என்று அவர்கள் சொன்ன இடத்தில்தான் நீங்கள் மிதந்துகொண்டிருந்தீர்கள். லேடி எஸ்தர் வடமுனையில் இருக்கிறது, நமக்கென்ன என்று அவர்கள் கண்ணைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெஜ் சொன்னதை அவர்களும் நம்பியிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும்.

நேற்றுக் காலை ரேடியோவைப் போட்டேன். 'லேடி மிரியம்', அதே கம்பெனி. யாரோ ஒரு சின்னப் பையன் குரல். "வடமுனைத் திட்டுல இருக்கோம், மீனே இல்லை." இவ்வளவு நடந்த பிறகும் அதே வார்த்தை. நான் ரேடியோவை அணைக்கவில்லை. அணைத்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

சொல்லு. ரெஜ் பேரைச் சொல்லு, முழுப் பேரையும் சொல்லு. கேப்டன் சொல்லச் சொன்னதைச் சொல்லு. நான் ஆபீசுக்குப் போனதைச் சொல்லு, ப்ரூக் என்ன பதில் சொன்னார் என்பதையும் சொல்லு. மிதவையில் எவ்வளவு நேரம் என்று சொல்லு. நாக்கு தடித்ததையும் சொல்லு.

அந்த வார்த்தையை மட்டும் போடாதே. அதைப் போட்டால் மற்ற எல்லாம் சின்னதாகிவிடுகிறது. அளவுக்கு மேலா கீழா என்று படிக்கிறவர்கள் முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

அவர் கடைசியில் சொல்ல வந்த என் பேரை நான் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஐவி


ஹாமர்ஃபெஸ்ட்
15 ஏப்ரல் 1966

நம்ம ஐவிக்கு,

நேற்று முடிந்தது. துறைமுகத்துச் சுங்க ஆபீசில் மாடி அறை. என்னைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள், கக்கத்துக் கட்டை வைத்து நானே ஏறுகிறேன் என்று ஏறினேன். பாதிப் படியில் வருத்தப்பட்டேன்.

தூதரக அதிகாரி சின்ன வயது ஆள். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. டைப் அடிக்க ஒரு பெண். பெல்லிங் தன் காகிதத்தை மேஜையில் தயாராக வைத்திருந்தார்.

"மிஸ்டர் ஹார்டேக்கர், தேடுறதுல அன்ட்யூ தாமதம் எதுவும் இல்லைன்னு..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, அந்த வார்த்தையை என் தங்கச்சி வேண்டாம்னுட்டா" என்றேன்.

"எந்த வார்த்தை?" அதிகாரி கேட்டார்.

"அந்த அன்ட்யூ. எனக்கு மொதல்ல அதுக்கு அர்த்தமே தெரியாது. அவர் முன்னால தெரிஞ்ச மாதிரி நடிச்சுட்டேன். இப்பத் தெரியும். அது இல்லாமச் சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னேன். நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். ரெஜினால்ட் டல்லி என்று முழுப் பேரையும் சொன்னேன். நாக்கைப் பற்றிச் சொல்லும்போது டைப் அடிக்கிற பெண் நிறுத்திவிட்டாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு "அடிம்மா" என்றார். அவள் அடித்தாள்.

முடிந்ததும் பெல்லிங் எழுந்தார். "அப்ப, பொய்யான இடத்தைச் சொன்னது இறந்துபோன டல்லிதான். சாட்சியே ஒத்துக்கறார்."

"ஆமாங்க. இன்னைக்குக் காலையில எத்தனை கப்பல் அதே இடத்தைச் சொல்லிச்சுன்னு ரேடியோவைப் போட்டுக் கேளுங்க. எல்லாம் அங்க நின்னா வடமுனைத் திட்டே முங்கியிருக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை. இந்தக் கடைசி வரியையும் அடிக்கச் சொன்னார். பெல்லிங் ஆட்சேபம் சொன்னார், அந்த ஆட்சேபத்தையும் அடிக்கச் சொன்னார். ப்ரூக்கிடம் நீ போன நாளைத் தனியாக எடுத்து மறுபடி கேட்டார். உன்னை நேரில் கூப்பிடுவார்கள் என்றார். விசாரணை ஜூனில், ஹல்லிலேயே. அங்கே யார் எதை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, அவரே சொன்னார். கம்பெனி இனி எனக்கு வேலை தராது. கால் விரல் இல்லாத சமையல்காரனை எப்படியும் எடுத்திருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போட்டேன். விரல் சரியாக மடங்காததால் என் பேர் மாதிரியே இல்லை. அதிகாரி பரவாயில்லை என்றார்.

கிளம்பும்போது கொக்கியில் மாட்டியிருந்த தொப்பிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நல்ல மிடுக்காக வெளியே வந்தேன். அது பெல்லிங்குடையது. எனக்குச் சின்னது. படகுத் துறைக்கு வந்ததும் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. அங்கே நின்ற பத்துப் பேரும் விழுந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒருவன் துரடுக் கம்பை நீட்டி உடனே எடுத்துவிட்டான். ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது.

வில்ஃப்